நிலா ராணியும் ஹைம் வீட்டு மூத்த பெண்ணும்: 'டர்ன் ஏ கண்டம்' தொடரில் ஓர் ஆள்மாறாட்டம்

ஒரு கல்லறை. அதன் முன்னால் இளம்பெண் ஒருத்தி நின்று அழுகிறாள். அவளைக் கூட்டிவந்த டிரைவர் பையன் பக்கத்தில் நிற்கிறான். அப்பாவைப் பறிகொடுத்த மகள், அழட்டும் என்று நினைக்கிறான். ஆனால் அழுபவள் மகளே அல்ல. கல்லறைக்குள் கிடப்பவரைக் கொன்ற சேனையின் ராணி அவள்.

'டர்ன் ஏ கண்டம்' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரின் 10வது அத்தியாயத்தில் வரும் காட்சி இது. அத்தியாயத்தின் தலைப்பும் கல்லறைக்குப் போய்வருவதைப் பற்றியதுதான். ராட்சத ரோபோ அனிமே என்றாலே வானத்தில் வெடிக்கிற குண்டும் கத்திச் சண்டையும்தான் நினைவுக்கு வரும். எனக்கோ இந்தத் தொடரில் ரோபோ வராத இந்தச் சில நிமிடங்கள்தான் மனதில் நிற்கின்றன. இந்த ஆள்மாறாட்டம் எப்படித் தொடங்கியது, யாரை என்ன செய்தது, ஏன் கடைசிவரை அவிழவே இல்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டே வரலாம்.

களமும் ஆட்களும்

கண்டம் (Gundam) என்ற ரோபோ அனிமே வரிசை 1979இல் தொடங்கியது. அதன் இருபதாம் ஆண்டை ஒட்டி, முதல் தொடரை இயக்கிய யொஷியுகி டொமினோவே இயக்கிய தொடர் இது. சன்ரைஸ் நிறுவனத் தயாரிப்பு. ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சியில் 1999 ஏப்ரல் முதல் 2000 ஏப்ரல் வரை 50 அத்தியாயங்கள் ஓடியது. பெயரில் உள்ள 'டர்ன் ஏ' என்பது தலைகீழாகத் திருப்பி எழுதிய ஆங்கில ஏ எழுத்து. கணிதம் படித்தவர்களுக்குத் தெரியும், 'எல்லாவற்றுக்கும்' என்று சொல்லும் குறி அது.

கதை நடக்கும் காலம் வெகுதூர எதிர்காலம். ஆனால் பூமியைப் பார்த்தால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் போல இருக்கும். நீராவி ரயில், பழைய மாடல் கார், இரண்டடுக்கு இறக்கை விமானம், சீமான்களின் மாளிகை. முந்தைய நாகரிகம் ஒன்று அழிந்துபோனதே யாருக்கும் நினைவில்லை. நிலாவிலோ அந்த நாகரிகத்தின் வாரிசுகள் பெரிய இயந்திரங்களோடு வாழ்கிறார்கள். அவர்களுக்குப் பூமிக்குத் திரும்ப ஆசை. வாழ முடியுமா என்று சோதிக்க மூன்று பிள்ளைகளை முதலில் இறக்குகிறார்கள். அவர்களில் ஒருவன் லோரான்.

அவன் இங்லெஸா சீமையில் சுரங்கம் வைத்திருக்கும் ஹைம் குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்து, டிரைவராகிறான். அந்த வீட்டுக்கு இரண்டு பெண்கள்: மூத்தவள் கீயெல், இளையவள் சோசி. மூத்தவளைப் பார்க்கும்போதெல்லாம் லோரானுக்கு ஒரு திடுக். நிலாவில் அவன் சிறுவயதிலிருந்து கும்பிட்டு வளர்ந்த ராணி டயானா சோரெலை அச்சில் வார்த்தது போல இருக்கிறாள் அவள்.

இரண்டு வருடம் கழித்து டயானாவின் சேனை இறங்குகிறது. பேசி முடிக்க வேண்டிய விஷயம் முதல் இரவிலேயே தாக்குதலாகிவிட, ஹைம் வீட்டுப் பெரியவர் உயிரிழக்கிறார். வீட்டம்மாவுக்குச் சித்தம் கலங்கிவிடுகிறது.

விளையாட்டு வினையானது

பேச்சுவார்த்தைகளுக்கு நடுவே டயானாவும் கீயெலும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்து வியந்து, விளையாட்டாக உடையை மாற்றிக்கொள்கிறார்கள். திரும்ப மாற்றிக்கொள்வதற்குள் சண்டை குறுக்கே வந்துவிடுகிறது. ராணி பூமிக்காரர்கள் பக்கம், பூமிப் பெண் ராணியின் கப்பல் பக்கம் என்று பிரிந்துபோகிறார்கள்.

இரட்டை வேடப் படங்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். இந்த இடத்தில் என்ன நடக்கும் என்று நமக்கு மனப்பாடம். ஒருத்தன் கோழை, ஒருத்தன் வீரன். யார் யார் என்று காட்ட ஒரு மச்சம். குட்டு எப்போது உடையும் என்ற பதைப்பு. கடைசியில் எல்லோரும் அவரவர் இடத்துக்கு. 'டர்ன் ஏ' இந்த வசதி எதையும் தருவதில்லை. மச்சம் கிடையாது. இருவருக்கும் குரல் கொடுத்தவரும் ஒருவரே, ரியேகோ தகஹாஷி. டயானாவாக ஒரு குரல், கீயெலாக ஒரு குரல், கீயெலாக நடிக்கும் டயானா, டயானாவாக நடிக்கும் கீயெல் என நாலு அடுக்கு. முதல் முறை பார்த்தபோது எனக்கே இரண்டு மூன்று காட்சிகளில் குழப்பம் வந்தது. இரண்டாம் முறை பார்க்கும்போதுதான், சொல்லை இழுக்கும் விதத்திலும் பதில் சொல்லுமுன் விடும் சின்ன இடைவெளியிலும் வித்தியாசம் வைத்திருக்கிறார் என்பது பிடிபட்டது.

இனி அந்தக் கல்லறைக்கு வருவோம்.

தன் சேனை பூமியில் ஆட்களைக் கொன்றது டயானாவுக்கு ராணியாகத் தெரிந்திருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். எப்படித் தெரிந்திருக்கும்? 'துரதிருஷ்டவசமான மோதல்' என்று யாராவது குனிந்து நின்று சொல்லியிருப்பார்கள். ராணி வருத்தம் தெரிவித்திருப்பாள். அவ்வளவுதான். செத்தவருடைய மகளின் உடையில், அந்த வீட்டு வேலைக்காரப் பையன் கூட்டிவர, மண்ணுக்கு முன்னால் நிற்கும்போதுதான் இது யார் செய்த வேலை என்பது உறைக்கிறது. மன்னிப்புக் கேட்கக்கூட வழியில்லை, ஏனென்றால் அவள் இப்போது கீயெல். ராணியாக வந்து கேட்டிருந்தால் அது அரசியல். நாலு பேர் பார்க்கச் செய்தது என்றாகும். மகளாக நின்றதால் அழுவதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் மிஞ்சவில்லை. பக்கத்தில் நிற்கும் பையன் அவளுக்கு ஆறுதலாக நிற்கிறான். ஆறுதல் அவளுக்கு உரியதல்ல என்பது அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும்.

மறுபக்கம் கீயெல். கெட்டிக்காரி, கொஞ்சம் லட்சியமும் உள்ளவள். சீமான் குவெனுக்குச் செயலராக இருந்தவள். இப்போது தன் அப்பாவைக் கொன்றவர்களின் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வார்த்தையில் பழி தீர்த்துவிடலாம், இல்லையா? எழுதுகிறவன் மட்டமானவனாக இருந்தால் கதை அந்தப் பக்கம்தான் போயிருக்கும். ஆனால் அங்கே உட்கார்ந்த பிறகு அவள் காதில் விழுவது வேறு. திரும்பிவர வேண்டும் என்ற ஒரே நம்பிக்கையில் ஊரை விட்டு வந்த சாதாரண நிலாக்காரர்கள், பூமியின் காற்றும் மண்ணும் பழகாமல் தவிக்கும் குடும்பங்கள், ராணியின் பெயரைச் சொல்லிக்கொண்டே ராணியின் சொல்லைக் கேட்காத தளபதிகள். பகையாளி என்று ஒற்றை உருவமாகத் தெரிந்தது அவள் கண்முன்னாலேயே நூறு முகமாகப் பிரிகிறது.

இருவருக்கும் நடந்தது ஒன்றேதான் என்று நினைக்கிறேன். சொந்தப் பெயரோடு போயிருந்தால் யாரும் சொல்லியிருக்க மாட்டாத விஷயங்கள், அடுத்தவள் பெயரில் போனதால் காதுக்கு வந்தன. ராணியிடம் யாரும் உண்மை பேசுவதில்லை. கொன்றவர்களைப் பற்றி அநாதையான மகளிடமும் யாரும் நியாயமாகப் பேசுவதில்லை. முகம் ஒன்றாக இருந்ததால் இரண்டு கதவும் திறந்தன. குண வளர்ச்சி என்று நாம் சொல்வது இங்கே 'நான் யார்' என்று உள்ளே தோண்டுவதால் வரவில்லை. தவறான விலாசத்துக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்ததால் வந்தது.

கண்டுகொண்டவன், கண்டுகொள்ளாதவன்

அரண்மனைக் காவல்படைத் தலைவன் ஹாரி ஓர்ட். எந்நேரமும் சிவப்புக் கண்ணாடி, ஓட்டுவது தங்க நிற இயந்திரம். முதல் கண்டம் தொடரின் முகமூடிக்காரன் ஷாரை நினைவுபடுத்தவே இந்தக் கண்ணாடி என்பது ரசிகர்களுக்குப் பார்த்ததுமே தெரியும். ஷாரின் முகமூடிக்குப் பின்னால் வேறொரு பெயரும் ஒரு பழிவாங்கலும் இருந்தன. ஹாரியின் கண்ணாடிக்குப் பின்னால் எதுவும் கிடையாது. மறைக்க ஒன்றுமில்லாத இந்த மனிதன்தான், சிம்மாசனத்தில் இருப்பவள் ராணி அல்ல என்று கண்டுகொள்கிறான். கண்டுகொண்டும் காட்டிக்கொடுக்காமல் அவளுக்கும் காவல் நிற்கிறான். நின்று நின்று, ராணியின் சாயலை அல்ல, கீயெலையே விரும்ப ஆரம்பிக்கிறான்.

லோரானோ, ராணியைச் சிறுவயதிலிருந்து தெய்வமாகவே நினைத்தவன், அவளைக் காரில் வைத்து ஓட்டிக்கொண்டே 'கீயெல் ஓஜோசான்' என்று கூப்பிடுகிறான். முதலாளி வீட்டுப் பெண்ணை மரியாதையோடு அழைக்கும் சொல் அது. இதைத் தொடர் கிண்டலடிப்பதில்லை. தெய்வத்தின் முகத்தைத்தான் அவனுக்குத் தெரியும், மனுஷியைத் தெரியாதே.

லோரானும் ஒன்றும் அசல் வேடத்தில் இல்லை. நிலாக்காரன் என்பதை இரண்டு வருடமாக ஹைம் வீட்டில் மறைத்தவன். அவனுக்கு இன்னொரு வேடமும் மாட்டிவிடப்படுகிறது. டயானா தரப்பு வரும் விருந்துக்கு, லோரான் ஓட்டும் 'வெள்ளைப் பொம்மை' என்ற ராட்சத ரோபோவை ஓட்டுபவள் ஒரு சீமாட்டி என்று காட்டினால் நல்லது என்பது குவென் துரையின் கணக்கு. லோரானுக்குக் கவுனும் நடையும் பழக்கி, 'லாரா' என்று பெயரும் வைக்கிறார். விருந்து முடிந்து, வேடம் கலைந்து, போரே திசை மாறிய பிறகும் அவர் கூப்பிடுவது லாரா என்றே. வேடிக்கையாகத் தொடங்கிய இந்தப் பழக்கம் போகப் போக வயிற்றைப் பிசைய ஆரம்பிக்கும். எதிரில் நிற்பவன் லோரான் என்று குவெனுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தான் வைத்த பெயர்தான் அவருக்குப் பிடித்திருக்கிறது. பூமியையும் அப்படித்தான் பார்த்தார். அங்கே இருக்கும் மக்களை விட்டுவிட்டு, தான் கட்டப்போகும் தொழிற்சாலைகளைப் பார்த்தார். கடைசியில் போர்வெறி பிடித்த கிம் கிங்கனமோடு கைகோத்துத் துரோகம் செய்யும்போது எனக்கு அதிர்ச்சியே வரவில்லை. ஒரு பையனின் பெயரைக் கடைசிவரை சரியாகச் சொல்லாதவர் வேறு என்ன செய்வார்!

லோரான் வளர்வது வேடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவதில்தான். நான் நிலாக்காரன் என்று இரண்டு தரப்பும் கேட்க உரக்கச் சொல்கிறான். சொன்னதோடு, மனித உயிரை மதிக்காதவன் எந்தப் பக்கத்தவனாக இருந்தாலும் அவனோடு சண்டை போடுவேன் என்றும் அறிவிக்கிறான். இந்த வரிசையில் இளம் நாயகர்கள் கத்துவது வாடிக்கை. ஆனால் இப்படித் தன் குட்டைத் தானே உடைத்து, உடைத்த இடத்திலேயே நின்றவர்கள் குறைவு.

சிலைக்குள் இருந்தது

ஆட்கள் மட்டுமா மாறிப்போனார்கள்? தலைப்பில் இருக்கும் ரோபோவே ஆள் தெரியாமல் நிற்பதுதான். ஊர்க்காரர்களுக்கு அது 'வெள்ளைப் பொம்மை', பருவச் சடங்கு நடக்கும் இடத்தில் நிற்கும் குலதெய்வச் சிலை மாதிரி. தாக்குதல் இரவில் மேலோடு உதிர்ந்து, உள்ளே இருந்து இயந்திரம் வெளியே வருகிறது. முகத்தில் மீசை! வடிவமைத்தவர் அமெரிக்கரான சிட் மீட். அந்த மீசைக்காக ரசிகர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். இன்று அது இல்லாமல் அந்த முகத்தை நினைக்க முடியாது.

தொடரில் அதை 'கண்டம்' என்று முதலில் அடையாளம் சொல்பவன் கோரன் நாண்டர் என்ற முரட்டுச் சிப்பாய். 9வது அத்தியாயத்தில் அதைப் பார்த்ததும் 'கண்டம்!' என்று அலறுகிறான். சுற்றியிருப்பவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை. உயிருக்குக் கண்டம் என்று ஜாதகத்தில் கேட்டுப் பழகிய நம் காதுக்கு மட்டும் அந்த அலறல் சரியான பொருளில் விழுகிறது. டொமினோ எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஏனென்றால் 43வது அத்தியாயத்தில் உண்மை வெளியே வருகிறது. நிலாவின் ஆவணக் கிடங்கில் பழைய போர்களின் பதிவுகள் ஓடுகின்றன. முந்தைய கண்டம் தொடர்களின் காட்சிகளையே அங்கே காட்டுகிறார்கள். பூமியின் நாகரிகத்தைத் தூளாக்கியது 'நிலவொளிப் பட்டாம்பூச்சி' என்ற நுண்ணியந்திர மேகம், அதைப் பரப்பியது இதே வெள்ளைப் பொம்மை. ஊர் கும்பிட்ட தெய்வம் ஊரை அழித்ததுதான். இந்த அழிந்த வரலாற்றுக்குத் தொடர் வைத்த பெயர் 'குரோரெக்கிஷி', அதாவது கறுப்பு வரலாறு. அந்தச் சொல் தொடரை விட்டு வெளியேறி ஜப்பானியப் பேச்சுவழக்கில் புகுந்து, இன்று அங்கே ஒருவர் மறைக்க விரும்பும் வெட்கக்கேடான பழங்கதையைச் சொல்லப் பயன்படுகிறது.

அந்த இயந்திரத்தை லோரான் என்ன செய்கிறான்? மாடு ஏற்றுகிறான். 8வது அத்தியாயத்துக்கு 'லாராவின் மாடு' என்றே தலைப்பு. ஏவுகணை வைக்க வேண்டிய நெஞ்சுக்கூட்டில் பசுமாட்டை ஏற்றிக்கொண்டு வயல்வெளியில் நடக்கிறது அந்த எமன். துணி துவைக்கக்கூட அதைப் பயன்படுத்துகிறார்கள். பிற்பாடு அதே நெஞ்சுக்கூட்டில் அணுகுண்டைச் சுமக்க வேண்டி வரும். மாடு இருந்த இடத்தில் குண்டு. அதைப் பார்க்கும்போது முந்தைய நகைச்சுவை தொண்டையில் சிக்கும். ஆனாலும் இயந்திரத்தை ஆளே தெரியாமல் கையாண்ட அந்தக் காலம் வீணாகவில்லை. எமன் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் அவனும் அதை எமனாகத்தானே ஓட்டியிருப்பான்?

கணக்கில் வராத சோசி

இந்த ஆள்மாறாட்டத்துக்கு யாராவது விலை கொடுத்திருக்க வேண்டும் அல்லவா? கொடுத்தவள் இளையவள் சோசி. அப்பா போனார், அம்மா தன்னிலையில் இல்லை. அக்கா என்று நினைத்துப் பேசியவள் அக்கா அல்ல. வீட்டுப் பையன் பகையாளி ஊர்க்காரன். கல்யாணம் பேசிய கவானே என்ற வீரன் அணுகுண்டு வெடிப்பில் போய்விடுகிறான். ஒவ்வொரு முறையும் உண்மை அவளுக்குக் கடைசியில்தான் தெரியவருகிறது. மற்றவர்கள் வேடம் மாறி மாறி வளர்ந்துகொண்டிருக்க, அவள் ஒருத்தி மட்டும் முதல் அத்தியாயத்திலிருந்து சோசியாகவே இருக்கிறாள். கத்துகிறாள், அடிக்கிறாள், அழுகிறாள். சிலருக்கு அவளைப் பிடிப்பதில்லை. எனக்கென்னவோ இந்தத் தொடரில் நேர்மையாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான் என்று தோன்றும்.

அவிழாத முடிச்சு

கடைசி அத்தியாயத்தின் இறுதிப் பகுதி பெரும்பாலும் பேச்சே இல்லாமல் நகர்கிறது; யோகோ கன்னோவின் இசையில் ஒரு பாட்டு ஓடுகிறது. பாட்டின் பெயர் 'நிலவின் பட்டுக்கூடு' என்று பொருள்படும். வரிகளை எழுதியது டொமினோவேதான், வேறொரு புனைபெயரில். வெள்ளைப் பொம்மையும் அதன் எதிரி இயந்திரமும் நூலிழைகள் சுற்றிய கூட்டுக்குள் அடங்கிவிட்டன. போர் முடிந்தது. இப்போதாவது இரண்டு பெண்களும் அவரவர் இடத்துக்குத் திரும்ப வேண்டுமே?

திரும்புவதில்லை. விளையாட்டாக மாறியதை இப்போது தெரிந்தே நிரந்தரமாக்கிக்கொள்கிறார்கள். கீயெல் டயானாவாகவே நிலாவுக்குப் போகிறாள், ஹாரி கூடவே. டயானா கீயெலாகப் பூமியில் தங்கிவிடுகிறாள். உறைதூக்கத்தில் ஆயுளை நீட்டி நீட்டி வந்தவள், இனித் தூங்காமல் சாதாரணமாக மூப்படைந்து சாக விரும்புகிறாள். ஜப்பானில் மூங்கில் வெட்டும் கிழவரின் பழங்கதை ஒன்று உண்டு. நிலாவிலிருந்து வந்த இளவரசி காகுயா, வளர்த்தவர்கள் கதறக் கதற நிலாவுக்கே திரும்பிப் போவாள். டொமினோ அதைப் புரட்டிப் போடுகிறார். நிலாப் பெண் மண்ணில் தங்க, மண்ணின் பெண் நிலாவேறுகிறாள்.

கீயெலின் முடிவுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. டயானா ஓய்வெடுக்கப் போகிறாள். கீயெல் வேலைக்குப் போகிறாள். அப்பாவைக் கொன்ற நாட்டுக்குத் தலைவியாகி, தன் பெயரை இனி யாரும் கூப்பிடாத இடத்தில், ஆயுள் முழுக்க வேறொருத்தியாக. இதைத் தியாகம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவள் முகத்தில் அப்படி ஒரு பாவம் இல்லை. அந்த வேலை தனக்கு வருகிறது என்று கண்டுகொண்ட ஒருத்தியின் முகம் அது. ஹைம் வீட்டில் இருந்திருந்தால் அவளுக்கு அது தெரிந்தே இருக்காது.

லோரான் டயானாவோடு போகிறான், பணிவிடை செய்ய. பிரியும்போது சோசிக்கு மிஞ்சுவது அவன் வைத்திருந்த பொம்மைத் தங்கமீன். பூமிக்கு வந்த நாளில் ஆற்றில் தத்தளித்தபோதும் அவனோடு இருந்த பொம்மை அது. அதை ஆற்றில் வீசி எறிந்துவிட்டு அலறி அழுகிறாள். முதல் அத்தியாயத்தில் லோரான் நிலாவைப் பார்த்து, எல்லோரும் பூமிக்கு வாருங்கள், நல்ல இடம் என்று கத்தினானே, அந்தக் கத்தலுக்குப் பூமியின் பதில் இந்த அலறல்தான் போலிருக்கிறது.

அப்புறம் ஒரு சின்ன வீடு. வெளியே குளிர். சாப்பாடு முடிந்து அவள் படுக்கப் போகிறாள். ஊருக்கெல்லாம் அவள் கீயெல் ஹைம். நிலாவில் ராணி டயானா நலமாக ஆண்டுகொண்டிருக்கிறாள். லோரான் அவளைப் பார்த்து, 'டயானா-சமா, நாளைக்குப் பார்க்கலாம்' என்கிறான்.